பசியாறியாச்சா? மலாக்கா தோட்டத்து அரட்டையின் கதை

மலேசியத் தமிழர் இருவர் காலை வேளையில் எதிர்ப்பட்டால் முதலில் வரும் கேள்வி "பசியாறியாச்சா?" என்பதாகத்தான் இருக்கும். கேட்டவர் வீட்டுக்கு அழைத்துப்போய்த் தோசை சுட்டுப் போடப் போவதில்லை. கேட்கப்பட்டவரும் என்ன சாப்பிட்டோம் என்று கணக்கு ஒப்பிக்கப் போவதில்லை. "ஆச்சு, உங்களுக்கு?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு அவரவர் வழியில் போய்விடுவார்கள். பசியாறாதவர்கூட "ஆச்சு" என்றுதான் சொல்வார்.

அப்படியானால் அந்தக் கேள்வி எதற்கு?

'பசியாறுதல்' என்றால் இங்கே காலை உணவு. தமிழ்நாட்டில் இந்தச் சொல்லை இதே பொருளில் தமிழ் முஸ்லிம்களிடம் கேட்கலாம். மற்றவர்களுக்கு அது சாப்பாடு, டிபன், பலகாரம். மலேசியாவில் மட்டும் சாதி, மதம் பாராமல் எல்லாத் தமிழர் வாயிலும் அது நிலைத்துவிட்டது. அக்கம்பக்கத்து மலாய்க்காரர் "சுடா மாக்கான்?" என்று கேட்டு நலம் விசாரிப்பார்; ஹொக்கியன் பேசும் சீனரும் சாப்பாட்டைக் கேட்டுத்தான் நலம் விசாரிப்பார். மலாக்கா போன்ற ஊரில் மூன்று மொழிக்காரர்களும் ஒரே கேள்வியை வெவ்வேறு வார்த்தையில் கேட்டுக்கொண்டு வாழ்ந்திருக்கிறார்கள்.

தோட்டத்து மக்கள் வெட்டிப் பேச்சில் காலத்தைக் கழித்தவர்கள் என்ற குற்றச்சாட்டு இன்றும் மேடைகளில் எழுகிறது. குழாயடியில் பேச்சு, கோயில் திண்ணையில் பேச்சு, கள்ளுக்கடையில் பேச்சு; பேசிப் பேசியே பின்தங்கினார்கள் என்பார்கள். சொல்கிறவர்கள் வள்ளுவரையும் துணைக்கு அழைப்பதுண்டு. 'பயனில சொல்லாமை' என்று ஓர் அதிகாரமே இருக்கிறதே! இருக்கிறது. ஆனால் அதே வள்ளுவர் நட்பைப் பற்றி அடுத்தடுத்து ஐந்து அதிகாரங்கள் எழுதினார் என்பதையும், அவற்றில் ஒன்றுக்குப் 'பழைமை' என்று பெயர் வைத்தார் என்பதையும் அவர்கள் மறந்துவிடுகிறார்கள். பழைமை என்பது நெடுங்காலம் பழகியதால் வரும் உரிமை. பேசாமல் பழக்கம் ஏது?

மேற்கத்திய அறிஞர்களும் இதைக் கவனித்திருக்கிறார்கள். நியூ கினிக்கு அருகிலுள்ள டுரோப்ரியாண்ட் தீவு மக்களோடு தங்கி ஆராய்ந்த மாலினோவ்ஸ்கி என்ற மானிடவியல் அறிஞர், 1923ஆம் ஆண்டில் இத்தகைய பேச்சுக்கென்றே தனிப் பெயர் ஒன்றைச் சூட்டினார். செய்தி சொல்வதற்காக அல்லாமல், பக்கத்தில் இருப்பவரோடு உறவு வைத்துக்கொள்வதற்காகவே பேசப்படும் பேச்சு என்று அதை அவர் விளக்கினார். வானிலை விசாரிப்பதும் உடல்நலம் விசாரிப்பதும் அந்த வகையில் சேரும். "பசியாறியாச்சா?" என்பதும் அந்த வகைதான்.

மலாக்காவில் தொடங்கிய தோட்டம்

கித்தாத் தோட்ட வாழ்க்கையின் கதையை எங்கிருந்து தொடங்கினாலும் மலாக்காவுக்கு வந்துதான் ஆக வேண்டும். சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ரிட்லி, ரப்பர் நடுங்கள் என்று பார்த்த இடமெல்லாம் தோட்டக்காரர்களை வற்புறுத்தி வந்தார். காப்பியை நம்பியிருந்த வெள்ளைக்காரத் துரைமார் அவரைக் கேலி செய்தார்கள். அவர் பேச்சைக் காதில் வாங்கியவர் மலாக்காவைச் சேர்ந்த டான் சாய் யான் என்ற சீன வணிகர். 1896ஆம் ஆண்டில் அவர் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் கன்றுகளை நட்டார். மலாயாவில் வணிக முறையில் ரப்பர் பயிரிடப்பட்டது அப்போதுதான். இரண்டு ஆண்டுகளில் புக்கிட் அசாகானில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் அடுத்த தோட்டம் எழுந்தது. ரப்பர் விலை ஏறியதும் லண்டன் கம்பெனிகள் வரிசை பிடித்து வந்தன.

மரம் வந்த பிறகு ஆள் வர வேண்டுமே! கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் போய் ஆள் சேர்த்தார்கள். 1907ஆம் ஆண்டில் இதற்கென ஒரு நிதி ஏற்படுத்தப்பட்ட பிறகு, கப்பல் செலவைத் தொழிலாளி தலையில் கட்டும் வழக்கம் குறைந்தது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்கள் பினாங்கிலும் சுவெட்டன்காம் துறைமுகத்திலும் இறங்கி, ரயிலிலும் மாட்டு வண்டியிலும் தோட்டங்களுக்குப் போனார்கள். தெபோங், காடேக், கெமுனிங், ரும்பியா, செலாண்டார், ஜாசின், கெமெண்டோர், செர்க்காம், மெர்லிமாவ்... மலாக்காவின் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப் பட்டியலைப் பார்த்தாலே தமிழர்கள் எங்கெங்கே குடியேறினார்கள் என்பது விளங்கிவிடும்.

முதலில் வந்தவர்களில் பெண்கள் மிகக் குறைவு. 1901ஆம் ஆண்டுக் கணக்குப்படி மலாயாவில் 1,000 இந்திய ஆண்களுக்கு 200 பெண்கள்கூட இல்லை. 1947ஆம் ஆண்டில் அது 600ஐத் தாண்டியது. தோட்டத்து அரட்டையின் வரலாற்றையும் இந்த இரண்டு எண்களை வைத்தே எழுதிவிடலாம். பெண்கள் இல்லாத தோட்டத்தில் பேச்சு கள்ளுக்கடையில் தொடங்கிக் கள்ளுக்கடையிலேயே முடிந்தது. பெண்கள் வந்த பிறகுதான் குழாயடி வந்தது. தெருவுக்குத் தெரு அக்கா, தங்கச்சி, சின்னம்மா, பெரியம்மா என்ற உறவுப் பெயர்கள் வந்தன.

கரிபியன் தீவுகளுக்கும் பிஜிக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போன வட இந்தியர்கள், ஒரே கப்பலில் வந்தவரை 'ஜஹாஜி பாய்' என்று அழைத்தார்கள். கப்பல் சகோதரன் என்று பொருள். அந்த உறவைச் சொந்த ரத்த உறவாகவே மதித்தார்கள். கப்பல் சகோதரனின் பிள்ளைக்குத் தன் பிள்ளையைக் கட்டிவைக்கக்கூடத் தயங்கினார்கள். மலாயாவின் நிலை வேறு. கங்காணி தன் ஊரிலும் தன் சாதியிலும்தான் பெரும்பாலும் ஆள் சேர்த்தார் என்பதால் வந்தவர்களுக்குள் ஏற்கெனவே பழக்கம் இருந்தது. பக்கத்து லயத்தில் இருந்தவர்தான் அந்நியர். சேலத்துக்காரருக்குத் தஞ்சாவூர்க்காரர் பேச்சே புதிதாகத் தெரிந்தது. அந்த இடைவெளியைக் கடந்தது எப்படி என்பதுதான் இங்கே பார்க்க வேண்டியது.

சுவர் எட்டாத கூரை

பழைய லயத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நீளமான ஒரே கூரை. அதன் கீழே வரிசையாகச் சிறிய அறைகள். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே பலகைச் சுவர். பல லயங்களில் அந்தச் சுவர் கூரை வரைக்கும் எட்டவே எட்டாது. இந்த வீட்டில் குழந்தை இருமினால் நான்காவது வீட்டில் மருந்து சொல்வார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டையில் இரண்டு பக்கத்து வீட்டாரும் நடுவர்கள். கம்பெனி செலவைக் குறைப்பதற்காகக் கட்டிய வீடு அது. மனிதர்களை நெருக்கமாக வைக்க வேண்டும் என்று எந்தத் துரையும் நினைத்துக் கட்டவில்லை. ஆனாலும் விளைவு அதுவாயிற்று.

தண்ணீருக்குப் பொதுக் குழாய். வாளியை வரிசையில் வைத்துவிட்டு நிற்கும் நேரம் பேச்சுக்குரிய நேரம். யார் வீட்டில் யாருக்குக் காய்ச்சல், எந்தக் கடையில் அரிசி நயம், எந்தப் பிள்ளைக்குப் பெண் பார்க்கிறார்கள், நேற்று எந்த நிரையில் பாம்பு கிடந்தது... எல்லாம் அங்கேதான். விடியும் முன் பெரட்டு. இருட்டில் கிராணி பெயர் கூப்பிட, 'வந்தேன்' என்ற குரலை வைத்தே இன்னாருக்கு உடம்பு சரியில்லை என்று பக்கத்தில் நிற்பவர் கண்டுபிடித்துவிடுவார்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய வாய்ப்பைக் கொடுத்தது கித்தா மரமே! இது பலர் கவனிக்காத ஒன்று. பால் வெட்டும் வேலையைக் காலைக் குளிரில்தான் செய்ய வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓடாது. ஒருவர் 300 முதல் 500 மரம் வரை வெட்டி முடிக்கும்போது வெயில் வந்துவிடும். வெட்டியவுடன் பாலை எடுத்துவிடவும் முடியாது. மங்கில் பால் சொட்டிச் சேர இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். அதுவரை காத்திருக்க வேண்டும். பசியாறுவது அந்த நேரத்தில்தான். தூக்குச் சட்டியில் கொண்டு வந்த பழைய சோறோ ரொட்டியோ, ஒரு போத்தல் வரக்காப்பியோ. நான்கு நிரைக்காரர்கள் ஒரு மரத்தடியில் கூடுவார்கள். "பசியாறியாச்சா?" என்ற கேள்விக்கு அங்கே உண்மையிலேயே பொருள் இருந்தது. ஆகவில்லை என்றால், கேட்டவர் தம் சட்டியைத் திறப்பார். ஒருவர் கருவாட்டுத் துண்டும் இன்னொருவர் ஊறுகாயும் நடுவில் வைக்க, சேலத்துக்காரரும் தஞ்சாவூர்க்காரரும் ஒரே மரத்தடியில் பேசத் தொடங்கினார்கள்.

மழை பெய்தால் பட்டை நனைந்துவிடும், வெட்டு கிடையாது. அன்றைய சம்பளமும் கிடையாது. வயிற்றுக்கு அது கெட்ட நாள். ஆனால் லயத்து முன்வாசலில் எல்லாரும் கூடுகிற நாளும் அதுதான்.

பேச்சு செய்த வேலை

இந்தப் பேச்சினால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்குக் 'கூட்டு' என்ற ஒரு சொல் போதும். பத்துப் பேர் மாதம் ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு, மாதம் ஒருவர் மொத்தத்தையும் எடுத்துக்கொள்ளும் முறை. வங்கி தோட்டத்துக்கு வராத காலத்தில் பிள்ளைக்குக் காது குத்தவும், மகளுக்குத் தாலி செய்யவும், சைக்கிள் வாங்கவும் இதுதான் வழி. இதற்குப் பத்திரம் கிடையாது, ஜாமீன் கிடையாது. யாரைச் சேர்க்கலாம், யார் எடுத்துக்கொண்டு கம்பி நீட்டிவிடுவார் என்பதைக் குழாயடிதான் தீர்மானித்தது. ஒருவரோடு பத்து வருடம் ஒன்றுமில்லாததைப் பேசிப் பேசி வந்த நம்பிக்கையே மூலதனம். இந்தத் தமிழ்ச் சொல் மலாய்க்காரர், சீனர் வாயிலும் புகுந்து 'கூத்து' ஆயிற்று. கடைசியில் நாட்டின் சட்டப் புத்தகத்திலும் ஏறியது. கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்து மக்களை ஏமாற்றியவர்களைத் தடுக்க 1971ஆம் ஆண்டில் மலேசியா கொண்டு வந்த தடைச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே 'கூட்டு' என்ற சொல் இருக்கிறது!

கடை என்பது கெடாய் ஆனதும், கப்பல் காப்பால் ஆனதும், மாப்பிள்ளை மெம்பெலாய் ஆனதும் தோட்டங்களுக்கு முன்பே நடந்தவை. ஒரு மொழிச் சொல் இன்னொரு மொழிக்குள் போவது அகராதி வழியாக அல்ல. கடைவாசலில் நின்று பேசுகிறவர்கள் வழியாகத்தான்.

தோட்டத்துக்கு வந்த பத்திரிகையும் பேச்சாகத்தான் பரவியது. 1924ஆம் ஆண்டில் தமிழ் நேசனும், 1935ஆம் ஆண்டில் கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசும் தொடங்கப்பட்டன. ஒரு பிரதி வரும். எழுத்தறிந்த ஒருவர் படிப்பார். பத்துப் பேர் கேட்பார்கள். படித்து முடிக்க அரை மணி என்றால் அதைப் பற்றிய விவாதம் இரவு வரை நீளும். 1950களில் தமிழ் முரசு மாணவர்களுக்காக மணிமன்றம் என்ற பகுதியை நடத்தியபோது, முகம் பார்த்திராத பிள்ளைகள் ஒருவரையொருவர் பெயரால் அறிந்து நண்பர்களானார்கள். ஊருக்கு ஊர் இளைஞர் மணிமன்றங்கள் தோன்றியதும் அந்த உறவின் தொடர்ச்சிதான்.

வானொலி வந்த பிறகு அரட்டைக்கு நாடளாவிய வீச்சு கிடைத்தது. இன்று மின்னல் எஃப்எம் என்று அறியப்படும் வானொலியின் பழைய நாட்களில், பாடல் கேட்ட நேயர்களின் பெயர்கள் தோட்டத்தின் பெயரோடு வாசிக்கப்படும். பாட்டைவிட அந்தப் பெயர்ப் பட்டியலுக்காகவே வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் ஏராளம். பெயர் வந்துவிட்டால் மறுநாள் பெரட்டில் அதுதான் பேச்சு. ஜாசினில் இருப்பவரின் பெயர் சுங்கை சிப்புட்டில் இருப்பவருக்குத் தெரியும். நேரில் பார்த்தால் "அந்த ஜாசின்காரர் நீங்கதானா?" என்று தோளில் கை போடுவார்.

பேச்சு நின்ற காலம்

அரட்டை இல்லாத தோட்டம் எப்படி இருக்கும் என்பதை ஜப்பானியர் காலம் காட்டியது. தம்பின் ரயில் நிலையம் இருக்கும் புலாவ் செபாங்கிலிருந்து மலாக்கா பட்டணத்துக்கு ஒரு கிளைப் பாதை ஓடிக்கொண்டிருந்தது. பட்டணத்துக்குப் போய்வரத் தோட்டத்து மக்களுக்கு அது ஒரு வழி. ஜப்பானிய ராணுவம் அந்தத் தண்டவாளங்களைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனது. சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் ரயில் பாதைக்காக. போருக்குப் பிறகு மலாக்கா பட்டணத்துக்கு ரயில் திரும்பவே இல்லை.

தண்டவாளத்தோடு ஆட்களையும் கொண்டு போனார்கள். நல்ல சம்பளம் என்று சொல்லிச் சிலரை, வலுக்கட்டாயமாகப் பலரை. இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூட்டிக் கதவை அடைத்து லோரியில் ஏற்றியதும் உண்டு. 1943 அக்டோபரில் பாதை முடிவதற்குள் மலாயாத் தமிழர்கள் ஆயிரமாயிரமாகக் காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் மடிந்தார்கள். இறந்தவர்களின் பெயர்ப் பட்டியல் எந்தத் தோட்டத்துக்கும் வரவில்லை. வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. தமிழனுக்குக் கல்லறையும் இல்லை, கணக்கும் இல்லை.

இருந்தது பேச்சு ஒன்றுதான். உயிர் பிழைத்துத் திரும்பியவர் லயத்துக்குள் நுழைந்தால் பெண்கள் கூடிவிடுவார்கள். "எங்க வீட்டுக்காரரைப் பார்த்தீங்களா? எந்தக் கேம்ப்பில இருந்தார்?" ஒருவர் பார்த்தது, இன்னொருவர் கேட்டது, மூன்றாமவர் புதைத்தது என்று துண்டு துண்டாகச் சேர்த்துத்தான் பல குடும்பங்கள் பூவையும் பொட்டையும் எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்தன. அரசாங்கம் செய்யாத கணக்கெடுப்பைக் குழாயடி செய்தது.

எல்லாமே இனிப்பல்ல

தோட்டத்தைப் பற்றிப் பேசும்போது கண்ணீரும் கம்பலையுமாக அந்தக் காலம் பொற்காலம் என்று முடித்துவிடுவது ஒரு வழக்கம். அதை ஒப்புக்கொள்வதற்கில்லை. பல தோட்டங்களில் லயங்களே சாதிவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தன. ஒரு லயத்துக்காரர் மறு லயத்தில் தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டார். மரத்தடியில் ஒன்றாகப் பசியாறியவர்களே கோயில் திருவிழாவில் முதல் மரியாதைக்காகக் கம்பெடுத்தார்கள். கள்ளுக்கடைப் பேச்சு சம்பள நாளில் கைகலப்பில் முடிந்தது. கூரை எட்டாத சுவர் உதவிக்கு வழிவிட்டது போலவே வம்புக்கும் வழிவிட்டது. ஒரு பெண் பட்டணத்துக்குப் படிக்கப் போனால், ஓர் இளைஞனோடு நின்று இரண்டு வார்த்தை பேசினால், அது பொழுது சாய்வதற்குள் கை கால் முளைத்து ஊர் சுற்றிவிடும். அந்தப் பேச்சுக்குப் பயந்து பள்ளியை நிறுத்திய பெண் பிள்ளைகள் உண்டு. விரும்பியவனை விட்டு வேறொருவனுக்குக் கழுத்தை நீட்டியவர்கள் உண்டு. அரட்டையின் கணக்கில் இதையும் எழுதத்தான் வேண்டும்.

ஆனாலும் 1938ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இந்திய அரசாங்கம் உதவி பெற்று மலாயாவுக்குத் தொழிலாளர் செல்வதைத் தடை செய்தபோது, புதிய ஆட்களின் வரவு ஏறக்குறைய நின்றது. அதன்பின் தோட்டத்தில் இருந்தவர்களே தோட்டத்து மக்கள். சேலமும் தஞ்சாவூரும் தாத்தா பாட்டி சொல்லும் கதைகளாயின. "எந்த ஊர்?" என்றால் "டைமண்ட் ஜூபிலி தோட்டம்" என்று பதில் சொல்லும் தலைமுறை வந்தது. ஆயாக் கொட்டகையில் ஒரே தொட்டில் வரிசையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஊர்ப்பெயரால் பிரிவு சொல்லிக் கொடுப்பது சுலபமாக இருக்கவில்லை.

காஜா பெராங்கின் பாடம்

மலாக்கா பட்டணத்துக்குள்ளேயே இதற்கு இன்னொரு சான்று இருக்கிறது. காஜா பெராங்கில் வாழும் மலாக்கா செட்டிகள், சுல்தான்கள் காலத்திலேயே வணிகம் செய்ய வந்து இங்குள்ள பெண்களை மணந்து தங்கிய தமிழ் வணிகர்களின் வழித்தோன்றல்கள். வீட்டில் பேசுவது மலாய் கலந்த மொழி. தமிழ் அவர்களை விட்டுப் போய்ப் பல தலைமுறைகள் ஆகிவிட்டன. ஆனால் 1781ஆம் ஆண்டில் டச்சுக்காரர் தந்த நிலத்தில் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் அவர்களுடையது. போகியன்று முன்னோருக்குப் படைக்கும் 'பர்ச்சு' அவர்கள் வீடுகளில் இன்றும் நடக்கிறது. அன்று உறவினர்கள் ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்குப் போய்ப் படையலைப் பார்த்து, சேர்ந்து சாப்பிட்டுப் பேசிவிட்டு வருவார்கள்.

மொழி போயும் அவர்கள் கரைந்துபோகாமல் இருந்ததற்குக் கோயில் ஒரு காரணம் என்பார்கள். சரிதான். ஆனால் ஒரே கம்பத்தில் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் இருந்தார்கள் என்பது அதே அளவுக்குப் பெரிய காரணம். கம்பத்தைச் சுற்றி அடுக்குமாடிகள் எழும்பத் தொடங்கியபோது அவர்கள் கவலைப்பட்டதும் அதற்காகத்தான்.

தோட்டத்து மக்களும் பட்டணமும் சேரும் இடம் மாசி மகம். பொய்யாத விநாயகர் ஆலயத்திலிருந்து முருகன் இரதத்தில் செங் பகுதியிலுள்ள சன்னாசிமலை ஆண்டவர் ஆலயத்துக்குப் போகும் திருவிழா. ஜாசினிலிருந்தும் அலோர் காஜாவிலிருந்தும் தோட்டத்து லோரிகளில் ஏறி வந்தவர்கள், சாமி பார்த்த நேரம் கொஞ்சம். மற்ற தோட்டத்துச் சொந்தக்காரரைப் பார்த்த நேரம் அதிகம்.

யார் மாறினார்கள்?

1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். 1951 முதல் 1960 வரை நடந்த இந்தத் துண்டாடலைப் பற்றி உங்கு அஜிஸ் விரிவான ஆய்வே செய்தார். துண்டான தோட்டத்தில் முதலில் போனது வேலை. உடனே வீடும் போனது, ஏனென்றால் லயம் தோட்டத்துக்குச் சொந்தம். 1960ஆம் ஆண்டில் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்க்கச் சொன்னபோது தொழிலாளர்கள் கொடுத்தார்கள். கூட்டுக் கட்டிப் பழகிய கைகள் அவை.

1969ஆம் ஆண்டுக்குப் பின் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. சிவப்பு அடையாளக் கார்டுக்காரர்கள் பல்லாயிரம் பேர் கப்பலேறினார்கள். மகன் இங்கே, தகப்பன் அங்கே. 1970களில் பத்து பெரெண்டாமில் மின்னணுத் தொழிற்சாலைகள் வந்ததும், பால் வெட்டப் போக வேண்டிய பெண்கள் தொழிற்சாலைப் பஸ் ஏறினார்கள். பேச்சு கொஞ்ச காலம் பஸ்ஸுக்கு இடம் மாறியது. ஆனால் பகல் ஷிப்டுக்காரியும் இரவு ஷிப்டுக்காரியும் ஒரே லயத்தில் இருந்தும் சந்திக்கவில்லை.

கித்தாவை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டதுதான் கடைசி அடி. செம்பனையில் காத்திருப்பது என்ற ஒன்று கிடையாது. குலையை அறுக்க வேண்டும், சுமக்க வேண்டும், அடுத்த மரத்துக்கு ஓட வேண்டும். எடைக்குத் தக்க கூலி. குலை அறுப்பது ஆண் வேலை. பெண்களுக்கு உதிரிப் பழம் பொறுக்குவதும் மருந்தடிப்பதும். ஏக்கருக்கு ஆளும் குறைவு. மங்கில் பால் சொட்டிக்கொண்டிருந்த அந்த இரண்டு மணி நேரம் மலாக்காவின் காடுகளிலிருந்து மறைந்து போனது. அந்த நேரத்துக்கு யாரும் சம்பளம் கொடுத்ததில்லை. அது போனபோது எந்தத் தொழிற்சங்கமும் நஷ்ட ஈடு கேட்க வழியில்லை.

தாமான் வீடுகளுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் குடிபோனவர்களுக்குச் சுவர் கூரையை எட்டியது. வீட்டுக்குள் குழாய் வந்தது. கழிப்பறை வந்தது. வாசலில் இரும்புக் கதவு வந்தது. இவை எல்லாம் கிடைக்க வேண்டிய வசதிகள். யாரும் லயத்துக்குத் திரும்பச் சொல்ல முடியாது. ஆனால் "மனிதர்கள் மாறிவிட்டார்கள், பாசம் போய்விட்டது" என்று மேடைக்கு மேடை புலம்புகிறோமே, அது நியாயமா? மாறியது வரிசை. மாறியது குழாய். மனிதர்களைப் பேச வைத்த ஏற்பாட்டைப் பிரித்துப் போட்டுவிட்டு, பேசவில்லையே என்று அவர்களையே குறை சொல்வது பொருத்தமில்லை. ஒன்பதாவது மாடியில் தனியாக இருக்கும் பாட்டிக்குக் காய்ச்சல் என்றால் எட்டாவது மாடிக்குத் தெரிய வழி என்ன? வீட்டில் விழுந்து கிடந்தவரை இரண்டு நாள் கழித்துக் கண்டார்கள் என்ற செய்தியைப் படிக்கும்போது, பெரட்டில் குரலைக் கேட்டே நோயைக் கண்டுபிடித்த ஆளை நினைக்காமல் இருக்க முடியாது.

இன்று கைத்தொலைபேசியில் புலனக் குழுக்கள் இருக்கின்றன. பழைய தோட்டத்தின் பெயரிலேயே குழு வைத்து, காலையில் பூப்படம் போட்டு வணக்கம் சொல்கிறார்கள். கிண்டல் செய்பவர்கள் செய்யட்டும். யார் தவறிவிட்டார், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்ற செய்தி பழைய வேகத்தில் போய்ச் சேருவது இப்போது அதன் வழியாகத்தான்.

தோட்டம் போன பிறகும் பல இடங்களில் கோயில் நிற்கிறது. லயம் இருந்த இடத்தில் செம்பனை. பெரட்டுக் களத்தில் புல். நடுவில் சுண்ணாம்படித்த மாரியம்மன் கோயில். வருடத்தில் ஒரு நாள் திருவிழாவுக்கு மலாக்கா, சிரம்பான், ஜொகூர், கோலாலம்பூர் என்று நாலா பக்கத்திலிருந்தும் காடிகள் வரும். பூசை முடிந்தும் யாரும் கிளம்பமாட்டார்கள். பிளாஸ்டிக் நாற்காலியை மரத்தடிக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். வெள்ளைத் தலைக்காரர் ஒருவரைக் கண்டதும் ஒரு பாட்டி நெற்றியில் கையை வைத்துக் கூர்ந்து பார்த்து, "நீ மூணாம் லயத்துப் பையன் இல்ல?" என்பார். பையனுக்கு வயது அறுபது இருக்கும். "ஆமா சின்னம்மா" என்று பக்கத்தில் உட்காருவார். மணி மாலை நான்கு. பாட்டி அடுத்துக் கேட்பது, "பசியாறினியாப்பா?"